திட்ட அனுமதி நிபந்தனைகளும் நீதிமன்றப் பொருள்கோளும்: ஓசூர்ப் பகுதியை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

ஜூஜூவாடி எல்லையிலிருந்து சூளகிரி வரை விளைநிலங்கள் தொழிற்கூடங்களாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவருகின்றன. மனை வாங்க வருபவரிடம் காட்டப்படும் வரைபடத்தில் ஒரு மூலை 'பூங்கா' எனக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த மூலை யாருக்கு உரியது? விடை, அனுமதி ஆணையின் நிபந்தனைகளில் இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 நிபந்தனையோடு அனுமதி வழங்க இடம் தருகிறது. அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் எப்படிப் படிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. முதல் கேள்வி: அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் (தீர்ப்புத் தொகுதி 1995) டெல்லி மாநகராட்சி, பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய நிலத்தை விலையின்றித் தனக்கு மாற்றித்தர வேண்டும் என நிபந்தனை விதித்திருந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நிலத்தை உரிமையாளர் வேறு வழிக்குத் திருப்பவும் முடியாது. குடியிருப்போருக்காக அதை அறங்காவலர்போல் காக்கும் கடமை அவருக்கு உண்டு.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் பதிந்து தரவேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. 12,000 சதுர மீட்டர் நிலத்தில் சாலைக்கு 3,000 போனால், மீதி 9,000-இல் 900 சதுர மீட்டர். சென்னை வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் உரிமையாளர் சங்க வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதியை உறுதிசெய்தது. சொத்துரிமை கூறும் 300ஏ பிரிவுக்கு அது முரணாகாது என்றது.

3. இரண்டாவது கேள்வி: சொல் என்ன சொல்கிறது?

வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஸ்விண்டன் நகராட்சி வழக்கைத் தீர்த்தது. தொழில் வளாகத்தின் அணுகுசாலைகளை அமைக்க வேண்டும் என்ற நிபந்தனை, அவற்றைப் பொதுச் சாலையாக ஒப்படைக்கவும் சொல்கிறதா? 'அமைத்தல்' வேறு, 'ஒப்படைத்தல்' வேறு என்றது நீதிமன்றம். சிப்காட் வளாகங்களைச் சுற்றித் தனியார் தொழிற்பூங்காக்கள் பெருகும் நம் பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை. எழுதாத சுமையை ஊகத்தால் ஏற்ற முடியாது.

4. மூன்றாவது கேள்வி: நோக்கம் காக்கப்படுகிறதா?

பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் (1991) பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்த ஆணை செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுபோலவே, திறந்தவெளியைத் தானமாகப் பெற்ற அமைப்பும் அதன் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டதே. நிபந்தனையை மீறிய கட்டுமானத்தை அகற்றக் கோர 1971 சட்டத்தின் 56ஆம் பிரிவு வழி தருகிறது.

5. முடிவு

சட்டத்தில் வேர், சொல்லில் தெளிவு, நோக்கத்தில் உறுதி: இம்மூன்றும் உள்ள நிபந்தனையே நீதிமன்றத்தில் நிற்கும். எனவே, ஆணை எழுதும் அலுவலர்கள் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அதன் விதி எண்ணைக் குறிக்க வேண்டும். மனை வாங்குவோர் கிரயத்துக்கு முன் தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பத்திரம் பதியப்படாத பூங்கா, வரைபடத்தில் மட்டுமே பூங்கா.