முறிந்த காலும் கட்டின் இறுக்கமும்

கணுக்கால் எலும்பு முறிந்தவரிடம் முதல் சில நாள்களில் மருத்துவர் மிகவும் அஞ்சுவது வீக்கத்தை. எலும்பு அசையாதிருக்கக் கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். வீங்கும் தசைக்கு இடம் தரவும் வேண்டும். இந்தச் சிக்கல் மாவுக்கட்டுக்கு முந்தியது.

சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 3-ஆம் இயல் எலும்பு முறிவைப் பற்றியது. ஆல், அத்தி, அரசு, மருது ஆகிய மரங்களின் பட்டைகளையும் மூங்கிலையும் பத்தைகளாக வைத்துக் கட்டுமாறு அது கூறுகிறது. கட்டு மிகத் தளர்ந்தால் மூட்டு உறுதிபெறாது. மிக இறுகினால் தோலில் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும். ஆகவே நடுத்தரக் கட்டே ஏற்றது என்பது அதன் முடிபு. குளிர்ந்த பருவத்தில் 7 நாளுக்கு ஒருமுறை, மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒருமுறை, வெப்பப் பருவத்தில் 3 நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்ற வேண்டும் என்றும் விதிக்கிறது. கட்டியபின் அவிழ்த்துப் பார்ப்பதும் மருத்துவத்தின் பகுதியே என்னும் புரிதல் இவ்விதியில் உள்ளது.

ஐரோப்பாவில் டச்சுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1852-இல் மாவுக்கட்டு முறையை வெளியிட்டார். எலும்பை நிறுத்துவதில் அது பெரும் முன்னேற்றம். ஆனால் உலர்ந்து இறுகிய மாவு, உள்ளே கால் வீங்கும்போது விரிந்து கொடுப்பதில்லை. இறுகிய கட்டினால் குருதியோட்டம் தடைபட்டுத் தசை மடிந்து சுருங்குவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபோல்க்மான் 1881-இல் விளக்கினார். வீக்கம் வடியும்வரை ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்துக் கட்டுவதும், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பதும், விரல்களை அசைக்கச் சொல்வதும் இன்றைய நடைமுறை. வலி மிகுந்தாலோ விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டை உடனே பிரித்தாக வேண்டும்.

சுசுருதரை நவீன மருத்துவத்தின் முன்னோடி எனப் போற்றி இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது. ஆனால் மூங்கில் பத்தைகளை இறுகக் கட்டியதால் கால் அழுகி மருத்துவமனைக்கு வருவோரைப் பற்றிய கட்டுரைகள் இந்திய மருத்துவ இதழ்களில் இக்காலத்திலும் வெளிவந்துள்ளன. எலும்பு கட்டுவோர் அனைவரையும் இதனால் குறைகூற இயலாது. அவர்களுள் கைதேர்ந்தோர் பலர். எனினும் அவர்களின் கல்வி பெரும்பாலும் குடும்பத்தில் கைவழியாகக் கற்றது. வடமொழி ஏட்டின் வழியாக வந்ததன்று. நூலில் எழுதப்பட்ட விதி, கட்டும் கைகள் எல்லாவற்றையும் ஏன் சென்றடையவில்லை? மருத்துவ வரலாறு பயிலும் நாம் பெருமிதத்திற்கு முன் கேட்க வேண்டிய வினா இதுவே.