பருவமும் உணவும்: மூன்று மருத்துவங்கள் சந்தித்த வரலாறு

அரபு மொழியில் 'ஃபஸ்ல்' என்னும் சொல் பருவத்தையும் குறிக்கும். நூலின் ஓர் இயலையும் குறிக்கும். மாணவர்க்கு இவ்விரு பொருளையும் சொல்லும்போதெல்லாம், ஆண்டு என்பதே இயல் இயலாகப் பகுக்கப்பட்ட ஒரு நூல்தானோ என நமக்குத் தோன்றுவதுண்டு. அந்நூலை அறிந்து அதற்கேற்ப உண்ணுமாறு கூறியவர்களுள் இந்திய மருத்துவரும் சீன மருத்துவரும் குறிப்பிடத்தக்கவர்கள். அவ்விரு சாராரின் கலையையும் முஸ்லிம் அறிஞர்கள் தேடிப் பெற்ற வரலாறு, நம் இல்லங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று.

சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தின் ஆறாம் இயல் பருவ ஒழுக்கத்தை விளக்குகிறது. ஆண்டுக்குப் பருவங்கள் ஆறு. குளிர்காலத்தில் வயிற்றின் செரிமானத் தீ வலுத்திருக்கும். ஆதலின் நெய்ப்பும் கனமும் உள்ள உணவு தகும். அப்போது சேர்ந்த கபம் இளவேனில் வெயிலில் இளகும்; எனவே கனத்த உணவை விலக்கிக் கோதுமையும் வாற்கோதுமையும் கொள்ள வேண்டும். கோடைக்கு இனிப்பும் குளிர்ச்சியும் உடையவை ஏற்றவை. மழைக்காலத்திலோ தீ மந்தமாகும். பழைய தானியமும் காய்ச்சி ஆறிய நீரும் அதற்குரியவை.

சீனரின் பழம்பெரும் மருத்துவ நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்', நான்கு பருவங்களைக் கொண்டு இதனை ஆராய்கிறது. வசந்தத்திலும் கோடையிலும் 'யாங்' என்னும் வெம்மையாற்றலையும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் 'யின்' என்னும் தண்மையாற்றலையும் பேணுமாறு அது பணிக்கிறது. உறங்கும் நேரமும் எழும் நேரமுங்கூடப் பருவத்தோடு மாற வேண்டும் என்பது அதன் கொள்கை.

இனி பக்தாதுக்கு வருவோம். கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (786–809) காலத்தவரான யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ, மன்கா என்னும் இந்திய மருத்துவரைக் கொண்டு சுஸ்ருதரின் நூலுக்கு அரபு விளக்கம் செய்வித்தார் என்பதை, 987-இல் எழுதப்பட்ட இப்னுந் நதீமின் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' தெரிவிக்கிறது. சரகரின் நூல் பாரசீகத்தின் வழியே அரபியை அடைந்தது. 850-இல் 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா'வை இயற்றிய அலீ இப்னு ரப்பன் அத்தபரீ, கிரேக்க முறையைத் தழுவியவர். ஆயினும் அதன் இறுதியில் 36 இயல்களை இந்திய மருத்துவத்திற்கென்றே ஒதுக்கி, அதனை இந்தியருடையது என்று சொல்லியே எழுதினார்.

சீனத்தின் கலையையும் நம் முன்னோர் விட்டுவிடவில்லை. 1313-இல் தப்ரீஸ் நகரில் அமைச்சர் ரஷீதுத்தீன், சீன மருத்துவத்தைப் பாரசீகத்தில் தரும் 'தன்சூக் நாமா'வை உருவாக்கினார். மறுதிசைப் பயணமும் நிகழ்ந்தது. மங்கோலியர் ஆண்ட சீனத்தில் அரசவை உணவு மருத்துவராயிருந்த ஹு ஸிஹுய், 1330-இல் 'யின்ஷான் ஜெங்யாவ்' என்னும் நூலைப் பேரரசருக்கு அளித்தார். வசந்தத்திற்குக் கோதுமை, கோடைக்குப் பயறு, இலையுதிர் காலத்திற்கு எள், குளிருக்குத் தினைவகை என்பது அதன் விதி. அதே நூலில் ஆட்டிறைச்சிச் சாறு ஒன்று 'மஸ்தகீ' என்னும் பிசினின் அரபுப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் சேரும் கொண்டைக்கடலைக்கு 'ஹுய்ஹுய் பயறு', அதாவது முஸ்லிம்களின் பயறு, என்று பெயர்.

இந்நூல்களை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அரபு மருத்துவர்க்குப் பருவம் நான்கு, சரகருக்கு ஆறு, சீனருள் சிலர் 'நெடுங்கோடை' என ஐந்தாவதொன்றையும் சேர்த்தனர். எண்ணிக்கை வேறுபடுவதற்கு, அவரவர் மண்ணின் வானிலை வேறு என்பதும் ஒரு காரணமாகலாம். பருவத்தின் மிகையை உணவால் தணிக்க வேண்டும் என்னும் நெறி மட்டும் எங்கும் ஒன்று.

ஆதலின் நெறியை இரவல் பெறலாம்; பட்டியலை அப்படியே பெறுதல் தகாது. வடநாட்டில் மழை ஓய்ந்து வானம் தெளியும் ஐப்பசியில்தான் நம் கடற்கரை ஊர்களில் பெருமழை தொடங்குகிறது. அங்கு எழுதிய கூதிர் உணவு இங்கு எங்ஙனம் பொருந்தும்? கோடைக்கு இனிப்பு தகும் என்று ஏட்டில் கண்டு, நீரிழிவு உள்ள பெரியவருக்குச் சர்பத்தை ஊற்றிக் கொடுப்பது அறிவாகுமா? பருவ உணவு நலத்தைப் பேணுதற்கு உதவலாம். நோய் வந்தபின் மருத்துவரின் இடத்தை அது நிரப்பாது.

மாற்றாரின் கல்வியை அவர்கள் பெயராலேயே ஏற்று, தம் மண்ணுக்குப் பொருந்துமா என எண்ணிப் பார்த்த பின்னரே நாம் பந்தியில் பரிமாற வேண்டும். தபரீயின் நூல் நமக்குக் கற்பிப்பது இதுவே.