சிவப்பு உறை வந்த வழி

ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் சீன வசந்தத் திருநாளில், பிள்ளைகள் பெரியவர்களை வாழ்த்தி இரு கைகளாலும் ஒரு சிவப்பு உறையை வாங்கிக்கொள்வார்கள். உள்ளே பணம் இருக்கும். ஆனால் இந்த வழக்கம் தொடங்கிய காலத்துக் காசைக் கொண்டு ஒரு பிடி அரிசிகூட வாங்கியிருக்க முடியாது.

ஹான் மன்னர்கள் ஆண்ட காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) நாணயம் போலவே வார்த்த தாயத்துக் காசுகள் இருந்தன. நல்வாக்கும் நட்சத்திரக் கூட்டமும் பொறித்த அவை கடையில் செல்லாது. கெட்டது அண்டாமல் இருக்க உடம்பில் அணிவதற்கே அவை.

‘சுய்’ என்ற பேயின் கதையும் இதையே சொல்கிறது. ஆண்டின் கடைசி இரவில் அது வந்து, உறங்கும் குழந்தையின் தலையைத் தொடும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு புத்தி பேதலிக்கும். ஒரு வீட்டில் எட்டுச் செப்புக் காசுகளைச் சிவப்புத் தாளில் மடித்துத் தலையணையோரம் வைத்தார்கள். காசுகள் பளீரென ஒளிவிட, பேய் ஓடிவிட்டது.

பழைய சீனக் காசின் நடுவில் சதுரத் துளை இருக்கும். சிங் மன்னராட்சியின் பிற்காலத்தில் பெய்ஜிங்வாசிகள் வண்ணக் கயிற்றில் அவற்றைக் கோத்து, டிராகன் வடிவில் பின்னி, கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் துளைக்காசு மறைந்தது. கயிற்றுக்கும் வேலை போயிற்று. சிவப்புத் தாள் அந்த இடத்துக்கு வந்தது. அச்சகங்கள் அதை உறையாக்கின.

உறைக்கென்று முறைகளும் உண்டு. நோட்டு புதிதாக இருக்க வேண்டும். நான்கு ஆகாத எண். கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. ஹாங்காங்கில் திருமணமானவர்கள் திருமணமாகாதவர்களுக்குக் கொடுப்பார்கள். குடியிருப்புக் காவலாளிக்கும் ஒன்று உண்டு. 2014இல் வீசாட் செயலி உறையைக் கைபேசிக்குள்ளும் கொண்டுவந்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘ஆங் பாவ்’ என்று வழங்கும் இது சீனர்களோடு நின்றுவிடவில்லை. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் பச்சை உறை தருகிறார்கள். தீபாவளிக்கு வீடு தேடி வரும் பிள்ளைகளுக்கு அங்குள்ள தமிழர்களும் உறை தருகிறார்கள்.

இந்த ஆண்டைப் பிள்ளை நோய்நொடியின்றிக் கடக்கட்டும் என்ற வேண்டுதல்தான் உறைக்குள் முதலில் இருந்தது. பணம் பிறகு வந்தது. ஆகவே, தொகை சிறிதென்று கூச்சப்படாமல் கொடுங்கள். வாங்கும் பிள்ளையை மனதார வாழ்த்துங்கள்.