சஃபாரியும் சபுராளியும்

ஐதராபாத்தின் பயண முகவர்கள் ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் முன்வைக்கும் பட்டியலில் இரண்டு பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: துபாயின் பாலைவனச் சஃபாரி, மாலத்தீவு அல்லது மொரீசியஸின் கடற்கரை ஓய்வு. புதிய நடுத்தர வர்க்கத்தின் புதிய ஆசைகளாகவே இவை பேசப்படுகின்றன. ஆனால் அரேபியப் பாலைவனத்தோடும் இந்தியப் பெருங்கடலின் தீவுகளோடும் தென்னிந்தியாவுக்கு உள்ள உறவு சுற்றுலாவைவிட மிகப் பழையது. அது ஓய்வின் உறவாகத் தொடங்கவில்லை. கூலியின் உறவாகத் தொடங்கியது. விளம்பரங்களில் பளிச்சிடும் சொற்களைச் சற்றே கீறிப் பார்த்தால் அந்தக் கூலி வரலாறு வெளிப்படுகிறது.

‘சஃபாரி’ என்ற சொல்லின் வேர் அரபு. ‘சஃபர்’ என்றால் பயணம். பயணம் செய்பவர் ‘முசாஃபிர்’. தமிழ்நாட்டு வருவாய்த்துறையின் பழைய வழக்கில் இருந்த ‘முசாபரி பங்களா’வும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. அரபிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலிக்குச் சென்றபோது இச்சொல் நீண்ட தரைவழிப் பயணத்தைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் பாகமோயோ போன்ற கரையோர ஊர்களிலிருந்து உள்நாட்டுக்குச் சென்று யானைத் தந்தத்துடன் திரும்பிய வணிகக் குழுக்களின் பயணமே அன்றைய சஃபாரி. முதலீட்டில் கணிசமான பகுதி சான்சிபாரில் குடியேறியிருந்த குஜராத்தி வணிகர்களுடையது. தந்தத்தைச் சுமந்த தோள்கள் நியாம்வேசி போன்ற உள்நாட்டு மக்களுடையவை. 1850களின் இறுதியில் ரிச்சர்ட் பர்ட்டனின் எழுத்துகள் வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் மகன் கெர்மிட்டுடன் மேற்கொண்ட வேட்டைப் பயணம் அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது. தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அதன்பின் ‘சஃபாரி’ என்றால் துப்பாக்கியேந்திய கனவான் நினைவுக்கு வந்தார். சுமைதூக்கி நினைவுக்கு வரவில்லை.

நிஜாமின் ஐதராபாத்தில் அப்போது இச்சொல் வழங்கவில்லை. அங்கே வழங்கியது ‘ஷிகார்’ என்ற பாரசீகச் சொல். 1902இல் வாரங்கல் பகுதியின் நெக்கொண்டாவில் கர்சன் பிரபுவும் அவர் மனைவியும் கொல்லப்பட்ட புலியுடன் நிற்கும் காட்சியை ராஜா தீன் தயாள் படமெடுத்தார். உலகெங்கும் மறுபதிப்பான அப்படத்தின் குறிப்பில் வைஸ்ராயின் பெயர் உண்டு. பறையடித்துக் காட்டைக் கலைத்துப் புலியை விரட்டித் தந்தவர்களின் பெயர் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஷிகார் மறைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1963இல் திறக்கப்பட்ட நேரு விலங்கியல் பூங்காவில் சிங்கங்களை வண்டியில் அமர்ந்து காணும் ‘சஃபாரி’ அமைக்கப்பட்டது. வேட்டையின் வாடையைக் கழுவிக்கொண்டுதான் அச்சொல் ஐதராபாத்துக்குள் வந்தது எனலாம்.

சொல் வருவதற்கு வெகுமுன்பே பாலைவனத்தின் மனிதர்கள் வந்துவிட்டனர். நகரின் தெற்கே உள்ள பர்காஸ் என்ற பகுதியின் பெயர் ‘பாரக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. படைவீரர் குடியிருப்பாக இருந்த அங்கே வாழ்ந்தோர் இன்றைய ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து நிஜாமின் படையில் ஊதியத்துக்குச் சேர்ந்த அரபியர். அவர்களைப் பொறுத்தவரை வறண்ட மண் ஹத்ரமௌத். பசுமையும் பணமும் இருந்த அயல்நாடு தக்காணம். ஐதராபாத்தில் ஜமேதாராக இருந்து பொருளீட்டிய உமர் பின் அவத் அல்-குஅய்தியின் குடும்பம் அந்தச் செல்வத்தைக் கொண்டே தாயகத்தில் ஓர் அரசை நிறுவியது. 1860களில் ஷிஹ்ர் துறைமுகமும் 1881இல் முகல்லாவும் அதன் வசமாயின. 1967 வரை அவ்வரசு நீடித்தது. தக்காணத்து விவசாயி செலுத்திய வரி நிஜாமின் கருவூலம் வழியாகப் படைவீரரின் ஊதியமாகி, அரபிக்கடலோரத்தில் ஒரு சுல்தானகமாயிற்று. வளைகுடாப் பணத்தால் தெலங்கானாவில் எழும் வீடுகளைப் பற்றி எழுதுவோர் இந்த எதிர்த்திசைப் பணப்போக்கையும் நினைவில் கொள்வது நல்லது.

ஆப்பிரிக்கக் கரையோடும் இதே வகை உறவு இருந்தது. வனபர்த்தி அரசரிடமிருந்து நிஜாமிடம் வந்த ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலரின் நினைவாகவே மாசாப் டேங்க் அருகிலுள்ள பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் எனப்படுகிறது. சித்தி சமூகத்தினர் அங்கே வாழ்கின்றனர். அவர்களும் பர்காஸ் அரபியரும் பேணிய மர்ஃபா இசை இன்று ஐதராபாத் திருமணங்களில் மதவேறுபாடின்றி ஒலிக்கிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாமின் ஆட்சி முடிந்தபோது இவ்விரு சமூகங்களும் ஊதியத்தை இழந்தன.

தீவுகளின் சொற்களும் இவ்வாறே உருமாறியவை. மாலத்தீவில் 1972இல் தொடங்கப்பட்ட முதல் சுற்றுலா விடுதியின் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீரைக் குறிக்கும் இச்சொல், தமிழின் குரும்பையை உடனே நினைவூட்டும். சோழமண்டலக் கரை மீனவரின் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, இன்று தேனிலவுத் தம்பதியரை ஏற்றிச் செல்லும் சொகுசுப் படகைக் குறிக்கிறது. சொல் தமிழருடையது என்று பெருமை கொள்ள இதில் ஒன்றுமில்லை. கட்டுமரத்தில் சென்றவர் ஓய்வுக்காகச் சென்றவர் அல்லர்.

மொரீசியஸின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் அத்தீவில் இறங்கினர். மெட்ராஸிலிருந்தும், காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கோரங்கியிலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் கப்பலேறினர். அவர்கள் ஏறிச் சென்ற படிக்கட்டுகள் எஞ்சியிருக்கும் ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த 1837இல் வந்த சட்டம், புறப்படுபவர் ஓர் அதிகாரியின் முன் நின்று ஒப்பந்த நிபந்தனைகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. பிற்காலச் சட்டங்களில் அவ்வதிகாரிக்கு ‘குடிபெயர்வோர் காப்பாளர்’ என்ற பெயர் நிலைபெற்றது. ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தும் பெயர் ஒழியவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஐதராபாத் அலுவலகத்தின் தலைவருக்கும் அதே பதவிப்பெயர்தான்.

கரீம்நகர், நிஜாமாபாத், ஜகித்யால் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளர்களின் வாழ்வை அந்த அலுவலகத்தின் அனுமதி தீர்மானிக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். அதே நாட்டுக்குச் சுற்றுலா செல்பவருக்கு அது தேவையில்லை. 2008இல் திறக்கப்பட்ட ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் மணல்மேட்டில் வண்டியோட்டிக் களிக்கப் போகிறவரும், அதே மணலில் ஒட்டகம் மேய்க்கவோ கட்டடம் எழுப்பவோ போகிறவரும் ஒரே விமானத்தில் ஏறலாம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் இருவேறு உயிரினங்கள்.

அரபிலிருந்து கிளம்பிய சொல் சுவாஹிலி, ஆங்கிலம் வழியாக உலகைச் சுற்றி, இன்று ‘சஃபாரி’ என்ற இரவல் சொல்லாக அரபுக்கே திரும்பியுள்ளது. அதே வேர் தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வேறு திசையில் வளர்ந்தது. பொருளீட்டக் கடல் கடந்து சென்றவரை அவர்கள் ‘சபுராளி’ என்றனர். பிரிவும் கடனும் ஊருக்கு வரும் பணமும் அச்சொல்லில் சேர்ந்தே ஒலிக்கின்றன. பயணத்தின் உழைப்பை மறக்காமல் வைத்திருந்த வடிவம் என்று இதைச் சொல்லலாம். கல்விப்புலத்தின் ‘புலம்பெயர் தொழிலாளி’யைவிட இது செறிவானது.

முகவர்கள் இவ்விரு பொருள்களுக்கு இடையிலான இடைவெளியை நன்கு அறிவர். வேலை விசாவுக்கான அனுமதி நடைமுறையைத் தவிர்க்க, தொழிலாளியைப் பார்வையாளர் விசாவில் அனுப்பிவைப்பது தெலங்கானாவில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கம். அனுமதியோடு செல்பவருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா 10 லட்ச ரூபாய்க் காப்பீடு அளிக்கிறது. பார்வையாளர் விசாவில் சென்று பாலைவனத்தில் ஆடு மேய்த்து இறந்தவரின் குடும்பத்துக்கு அது கிடைப்பதில்லை. ஆவணங்களின்படி அவர் ஊர் சுற்றிப் பார்க்கச் சென்றவர்.