தோற்ற கொள்கையின் மீட்சி

1800 இல் வோல்ற்றா அமைத்த மின்கலவடுக்கு இரசாயனவியலின் போக்கையே மாற்றியது. 1807 இல் டேவி, மின்பகுப்பினாற் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் பிரித்தெடுத்தார். சேர்வைகளைப் பிரிப்பது மின்னாயின், அவற்றைப் பிணைத்து வைத்திருப்பதும் மின்னாகவே இருத்தல் வேண்டுமன்றோ? சுவீடன் நாட்டறிஞர் பேர்சீலியசு அவ்வாறே முடிவு செய்தார். மூலகங்களை வரிசைப்படுத்தி, மின்னெதிரான ஒட்சிசனை ஒரு கோடியிலும், மின்னேரான பொற்றாசியத்தை மறுகோடியிலும் நிறுத்தினார். நேரும் எதிரும் ஒன்றையொன்று கவர்வதே பிணைப்பு என்பது அவர் கொள்கை.

ஒரே மூலகத்தின் ஈரணுக்கள் தம்முள் இணைதற்கு அக்கொள்கையில் இடமில்லை. 1811 இல் அவகாதரோ கூறிய ஈரணு மூலக்கூறுகள் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அணுநிறை பற்றிய குழப்பமோ, 1860 இல் காள்சுரூகே மாநாட்டிற் கனிசாரோ வாதாடும் வரை நீடித்தது.

இதனிடையே பிரான்சிய அறிஞர் தூமா, அசற்றிக்கமிலத்தின் மூன்று ஐதரசன் அணுக்களை அகற்றிக் குளோரீனைப் புகுத்தினார். 1839 இல் அவர் வெளியிட்ட முடிவு பேர்சீலியசின் கொள்கையை உலுக்கியது. நேரான ஐதரசனின் இடத்தில் எதிரான குளோரீன் அமர்ந்தும், விளைபொருள் பழைய அமிலத்தின் இனமாகவே இருந்தது. பேர்சீலியசு சிக்கலான சூத்திரங்களால் விடையிறுக்க முயன்றார். இளைய தலைமுறையினர் அவற்றை ஏற்கவில்லை. 1848 இல் அவர் மறைந்தபோது அவர் கொள்கையும் செல்வாக்கிழந்திருந்தது.

1916 இல் லூயிசு, ஈரணுக்கள் ஓர் இலத்திரன் சோடியைப் பங்கிடுவதாற் பிணைப்புத் தோன்றலாம் என்றார். அப்பங்கீடு சமமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. இதனை அளந்து காட்டியவர் போலிங். ஐதரசன் மூலக்கூற்றின் பிணைப்புச்சக்தி மூலொன்றுக்கு 436 கிலோயூல், குளோரீனுக்கு 243. இவற்றின் சராசரி ஏறத்தாழ 340 ஆக, ஐதரசன் குளோரைட்டினதோ 431. இம்மிகை, சமமற்ற பங்கீட்டின் விளைவே. இத்தகைய மிகைகளைக் கொண்டு, பிணைப்பிலுள்ள இலத்திரன்களைத் தன்பால் ஈர்க்கும் அணுவின் ஆற்றலாகிய மின்னெதிர்த்தன்மைக்கு 1932 இல் அவர் எண்மதிப்புகள் வகுத்தார். இன்றைய அளவுத்திட்டத்திற் குளோரீன் 3.16, ஐதரசன் 2.20, சோடியம் 0.93. ஐதரசன் குளோரைட்டில் வேறுபாடு 0.96, ஆதலின் குளோரீன் சிறிதளவு எதிராகவும், ஐதரசன் அவ்வளவு நேராகவும் அமைய, பிணைப்பு முனைவுடையதாகின்றது. சோடியம் குளோரைட்டில் வேறுபாடு 2.23, அங்கு பிணைப்புப் பெரிதும் அயன் தன்மையது. ஒரே அணுக்களிடையே வேறுபாடு பூச்சியம், முனைவும் இல்லை. பேர்சீலியசு விளக்கவியலாத ஈரணு மூலக்கூறும் இவ்வாறு அதே வரிசையில் இடம்பெற்றது.

தூமாவின் அமிலம் பிறிதொன்றையும் உணர்த்துகின்றது. அதன் அமிலக்கூட்டற்பிரிவு மாறிலி, அசற்றிக்கமிலத்தினதிலும் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு பெரியது. குளோரீன் அணுக்கள் இலத்திரன்களைத் தம்பால் ஈர்ப்பதால், அமில ஐதரசன் எளிதில் விடுபடுகின்றது. இனம் மாறவில்லை என்ற தூமாவும் பிழைத்தாரல்லர். குளோரீனின் எதிர்த்தன்மையை வலியுறுத்திய பேர்சீலியசும் முற்றாகப் பிழைத்தாரல்லர். அவரை வீழ்த்திய சான்றே, ஒரு நூற்றாண்டின் பின் அவர் கூற்றின் மெய்ப்பகுதிக்கும் சான்றாயிற்று. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் வென்ற கொள்கைகளை மட்டுமன்றி, தோற்றவற்றையும் மீள நோக்குதல் கடனாகும்.