ஒரே பேரேடு, பல நகல்கள்: டொமைன் கன்ட்ரோலரின் வரலாறு

“டொமைன் கன்ட்ரோலர் படுத்துவிட்டது” என்று நம் பிள்ளைகள் ஃபோனில் பேசுவதைச் சங்கத்துப் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். இங்கே டொமைன் என்பது இணையதளத்தின் பெயர் அல்ல. ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் ஆட்கள், கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள் அடங்கிய ஆட்சி எல்லை. அதற்குள் யார் நுழையலாம், எதைத் தொடலாம் என்ற பேரேட்டை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி ஆள் பட்டியல். பத்து மிஷினைத் தொடுகிற குமாஸ்தாவுக்குப் பத்து இடத்தில் பெயர் எழுத வேண்டும். அவர் வேலையை விட்டால் பத்து இடத்திலும் அடிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் கடைச் சாவி வெளியே போன மாதிரிதான்!

1983-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ‘அதீனா’ திட்டத்தில் இதற்கு ஒரு வழி பிறந்தது. பெயர் கெர்பரோஸ், கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். பாஸ்வேர்டைக் கம்பியில் அனுப்புவதில்லை. மையச் சர்வர் ஒரு சீட்டுக் கொடுக்கும். அதைக் காட்டி மற்ற சர்வர்களுக்குள் போகலாம். பண மூட்டைக்குப் பதில் ஹுண்டிச் சீட்டு அனுப்பிய வியாபாரிகளுக்கு இது புதுசா என்ன? சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. வழக்கமான அமைப்பில், இரு கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் சீட்டு செல்லாது.

1996-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் என்டி 4.0-வில் தலைமைக் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று. அதில் மட்டுமே எழுத முடியும். துணைக் கன்ட்ரோலர்களிடம் இருந்தவை படிக்க மட்டுமான நகல்கள். தலைமை படுத்தால் உள்ளே நுழையலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரி என்ற புதுப் பேரேட்டைக் கொண்டுவந்தது. கெர்பரோஸும் அதில் சேர்ந்தது. எந்தக் கன்ட்ரோலரிலும் எழுதலாம், மற்றவை தாமே பதிந்துகொள்ளும்.

நகல்கள் இருக்கின்றனவே என்ற தைரியம் இங்கிருந்துதான் வந்தது. எங்கள் சமணர் மரபில் சாஸ்திர தானம் என்று உண்டு. ஏடுகளைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது. ஓர் ஏட்டைச் செல் அரித்தாலும் இன்னோர் ஊர் ஏட்டுக்கு அந்தச் சேதம் போய்ச் சேராது. கன்ட்ரோலர்களின் கதை வேறு. அவை எல்லாம் ஒரே கம்பியில் கட்டப்பட்டவை.

2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நாசநிரல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கியது. நம் நவசேவாவில் அவர்கள் குழுமம் நடத்திய சரக்கு முனையமும் தடுமாறியது. அவர்களிடம் சுமார் 150 கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று நகல் என்பதால் தனியாகப் பத்திரப்படுத்திய நகல் இல்லை. அத்தனையும் ஒரே நேரத்தில் அழிந்துவிட்டன. வயர்டு இதழில் ஆண்டி கிரீன்பெர்க் 2018-ல் எழுதியபடி, கானா நாட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததாம்! அங்கிருந்து நெட் வழியாக அனுப்ப நாள்கணக்கில் ஆகும். கானா ஊழியர்களுக்கோ பிரிட்டன் விசா இல்லை. ஆகவே ஒருவர் டிஸ்க்கை நைஜீரியாவுக்கு எடுத்துப்போய், விமான நிலையத்தில் இன்னோர் ஊழியர் கையில் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்த டிஸ்க்கிலிருந்துதான் பேரேட்டை மறுபடி எழுப்பினார்கள்.