ஒரு வருஷமும் பல நாட்களும்

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் அரும்பாவூர். 2020-ல் இந்த ஊர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளுக்கும் அப்போதுதான் கிடைத்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்கிற தகவல் இது. வரலாறு இப்படித்தான், ஒரு வருஷத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போய்விடும். அந்த வருஷத்துக்குப் பின்னால் இருக்கிற நாட்களை யார் எழுதுவது?

அந்த நாட்களைத் தேட சிற்பத்தைத்தான் பார்க்க வேண்டும். வாகை, மா, வேம்பு மாதிரியான மரங்களில், ஒரே கட்டையிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுப்பது இவர்கள் வழக்கம். பச்சை மரம் காயும்போது வெடிக்கும். அதனால் முதல் வேலையே காத்திருப்பதுதான். பிறகு அளவு. சிற்ப சாஸ்திரக் கணக்கில் ஒரு தாளம் என்பது 12 அங்குலம். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாளத்தில் உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். இந்த அங்குலம் நம்ம ஸ்கேல்ல இருக்கிற இஞ்ச் கிடையாது. சிலை சின்னதோ பெரிதோ, அதன் உயரத்தைப் பங்கிட்டு வருகிற அலகு.

கணக்கைப் புத்தகத்தில் படித்துவிடலாம். உளி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைப் படிக்க முடியாது. கூடுதலாக ஒரு சீவல் போய்விட்டால் அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதனால்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். நேற்று முரடாக விட்ட மடிப்பு இன்று கொஞ்சம் மெலிகிறது. கண் திறப்பது கடைசியில்தான்.

நாமோ முதல் நாளே கண்ணைத் திறக்கப் பார்க்கிறோம். என் நாவல் ரெண்டு வருஷமா முதல் அத்தியாயத்துலயே நிக்குது. முதல் வரி அற்புதமா வரணும்னு உட்கார்ந்திருக்கேன். கட்டையைத் தொட்டால்தானே செதுக்க?

புவிசார் குறியீட்டைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது 1999-ம் ஆண்டுச் சட்டம். பதிவேட்டில் இருக்கிற பெயர் அப்படி நிலைத்துவிடும். ஆனால் கைப்பழக்கத்துக்குப் பதிவேடு இல்லை. அடுத்த தலைமுறையில் யாராவது ஒருத்தர் தினமும் உளியோடு உட்கார்ந்தால்தான் அது இருக்கும். உட்காரவில்லை என்றால், பாதுகாக்கப்பட்ட ஒரு பெயர் மட்டும் மிஞ்சும்.

இன்றைக்கு அரைப்பக்கம் எழுதினேன். நாளைக்கு அதில் நாலு வரி போய்விடும். போகட்டும், மிச்சம் இருப்பதில் நாளை மறுநாள் வேலை பார்க்கலாம்.